'புல் அப்' என்றால் இழுப்பது அல்ல: பிரிட்டனில் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு

லண்டனில் என் முதல் டிரைவிங் வகுப்பில் பயிற்சியாளர் "புல் அப் ஆன் த லெஃப்ட்" என்றார். 'இழு, மேலே' என்றுதான் எனக்குப் பட்டது. ஓடிக்கொண்டிருந்த காரில் ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்துவிட்டேன். பின்னால் வந்த வேன் மயிரிழையில் நின்றது. ஊரில் எட்டு வருடம் கார் ஓட்டியவன், ஆங்கில வழியில் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். அந்த நொடியில் இரண்டும் உதவவில்லை. அவர் சொன்னது 'இடப்பக்கம் ஓரமாக நிறுத்து' என்பதை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: சாலை விதிகளைப் படிக்கும்போதே 'புல் அப்' போல இரண்டு சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் இந்த ஆங்கில இரட்டைச் சொற்களையும் காதுக்குப் பழக்குங்கள். இந்திய, இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமென்றால் புரொவிஷனல் லைசென்ஸ் (பழகுநர் உரிமம்) எடுத்து, தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தேற வேண்டும். முன்பு தியரி தேர்வின் கேள்விகளைத் தமிழ்க் குரலில் கேட்டுப் பதில் சொல்லலாம். 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்துப்போகும் வசதியும் அத்தோடு போயிற்று. "தமிழிலேயே எழுதலாமே" என்று பழைய ஆட்கள் யாராவது சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்தச் சொற்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நாமும் பெட்ரோலை 'அடிக்கிறோம்', கியரைப் 'போடுகிறோம்'. தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரரிடம் "வண்டியை எடு" என்றால் எங்கே பிடித்துத் தூக்குவது என்று பார்ப்பார். 'விடு' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி விடுகிறோம், வழி விடுகிறோம், அம்மாவை பஸ் ஏற்றிவிடுகிறோம், அதே பஸ்ஸைத் தவறவும் விடுகிறோம். அகராதியைப் பார்த்தா இதையெல்லாம் கற்றோம்? இடத்தோடு சேர்த்துக் கேட்டுக் கற்றோம். ஆங்கிலத்திலும் அதுதான் வழி.

'புல்' குடும்பத்திலிருந்து தொடங்குங்கள், சாலையில் அதிகம் காதில் விழுவது அதுதான். இது குதிரைவண்டிக் காலத்துப் பேச்சு. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் குதிரை நிற்கும். அதனால் 'புல் அப்' என்றால் நிறுத்துவது. குதிரை போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. 'புல் ஓவர்' ஓரம் கட்டுவது. 'புல் இன்' ஒரு இடத்துக்குள் ஒதுங்குவது. 'புல் அவுட்' இதற்கு நேர் எதிர்: ஓரத்திலிருந்தோ கிளைச் சாலையிலிருந்தோ பிரதான ஓட்டத்துக்குள் நுழைவது. முதல் சொல்லை மட்டும் கேட்டுவிட்டுக் காலையோ கையையோ அசைக்காதீர்கள். வால்போல ஒட்டிவரும் இரண்டாவது சொல்தான் நிற்பதா, புறப்படுவதா என்று சொல்லும்.

பிராக்டிகல் தேர்வு ஏறத்தாழ 40 நிமிடம். தேர்வாளர் கேட்கக்கூடிய பயிற்சிகளில் ஒன்று 'புல் அப் ஆன் த ரைட்': வலது ஓரத்தில் நிறுத்தி, இரண்டு கார் நீளத்துக்குப் பின்னால் வந்து, மறுபடி போக்குவரத்தில் சேர வேண்டும். 'மூவ் ஆஃப்' என்றால் நின்ற வண்டியைக் கிளப்புவது. 'டர்ன் ஆஃப்' என்ற சொல்லில் கவனம். இன்ஜினை அணைப்பதற்கும் அதுதான், இந்தச் சாலையை விட்டுத் திரும்புவதற்கும் அதுதான். ஓடும் வண்டியில் கேட்டால் பெரும்பாலும் திரும்பச் சொல்கிறார்கள் என்று கொள்ளுங்கள். புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு மதிப்பெண் போகாது. வழி மாறிப் போனாலும், பாதுகாப்பாகப் போனால் அது தவறல்ல. இது தெரியாமல், புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொண்டு கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்துத் தோற்றவர்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

பின்னால் போலீஸ் வண்டி நீல விளக்கை மினுக்கி உங்களை நிற்கச் சொன்னால் அதுவும் 'புல் ஓவர்'தான். பதறி நடுச்சாலையில் பிரேக்கை மிதிக்காதீர்கள். இடது சிக்னல் போட்டு, பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி, இன்ஜினை அணையுங்கள்.

ஏறுவதிலும் இறங்குவதிலும் நமக்கு ஒரு தடுமாற்றம் வரும். தமிழில் காரானாலும் ரயிலானாலும் ஏறுகிறோம், இறங்குகிறோம். இங்கே எழுந்து நடக்கக்கூடிய பஸ், ரயில், விமானத்துக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. உட்கார மட்டுமே இடமுள்ள கார், டாக்ஸிக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. லண்டன் டியூபில், அதாவது சுரங்க ரயிலில், நுழையும்போது கார்டை இயந்திரத்தில் தொட்டு 'டச் இன்' செய்தவர் வெளியேறும்போது 'டச் அவுட்' செய்ய மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் போதும்.

வேலைக்குத் தாமதமானால் "ஐ வாஸ் ஹெல்ட் அப் இன் டிராஃபிக்" என்பார்கள். 'ஹோல்ட் அப்' என்பதற்கு வழிப்பறி என்றும் பொருள் உண்டு. இங்கே வழிப்பறி எதுவும் இல்லை, நெரிசலில் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் பொருள். வண்டி பழுதாகி நின்றால் 'பிரேக் டவுன்'. அது மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலையில் நடந்தால் சொல்லைவிட முக்கியமான ஒன்று: இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொண்டு போன் செய்யுங்கள். குழந்தைகளை வண்டிக்குள் விட்டுவிட்டு நிற்காதீர்கள்.

'பிக் அப்', 'டிராப் ஆஃப்' இரண்டும் ஊரிலேயே தெரிந்தவை என்று நினைப்போம். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் அந்த வித்தியாசத்துக்குக் காசு உண்டு. டெர்மினல் வாசலில் இருக்கும் டிராப் ஆஃப் பகுதி, பயணியை இறக்கிவிட மட்டும். 2021 நவம்பரிலிருந்து அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். காசு வாங்க அங்கே ஆள் இருக்காது. மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்திலோ போனிலோ கட்டாவிட்டால் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை அழைத்துவரப் போகிறவர்கள் ஷார்ட் ஸ்டே கார் பார்க்கில் நிறுத்துங்கள்.

'டிராப் ஆஃப்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: தன்னையறியாமல் கண்ணயர்ந்து போவது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள் நம்மவர்களில் நிறைய. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடமாவது ஓய்வெடுக்கும்படி இங்குள்ள சாலை விதி நூலான ஹைவே கோட் சொல்கிறது. காரை ஓட்டும் நண்பர் "ஐ நியர்லி டிராப்ட் ஆஃப்" என்றால், யாரை எங்கே இறக்கிவிடப் பார்த்தார் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அடுத்த சர்வீஸ் ஸ்டேஷனில் (சாலையோர ஓய்விடத்தில்) வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.