துருக்கி நாட்டுப்பாட்டின் பாணியில் தமிழில் பாட்டுக் கட்டுவது எப்படி?

ஒப்பாரியும் தெருக்கூத்தும் கேட்டு வளர்ந்த தருமபுரி, கிருஷ்ணகிரிக் காரர்களுக்குத் துருக்கி நாட்டுப்பாட்டு அந்நியமாகப் படாது. துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியா ஊர்களில் ‘ஆஷிக்’ எனப்படும் பாணர்கள், சாஸ் என்ற நீண்ட கழுத்துத் தந்திக் கருவியை மீட்டியபடியே பாட்டுக் கட்டுவார்கள். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மரபு இது. அந்தப் பாணியில் தமிழில் எழுதிப் பழக மானி, கோஷ்மா என்ற இரண்டு வடிவங்கள் போதும்.

மானியில் தொடங்குங்கள். நான்கு வரி, வரிக்கு ஏழு எழுத்து. 1, 2, 4ஆம் வரிகளின் கடைசி ஒத்து ஒலிக்கும். மூன்றாம் வரிக்குக் கட்டுப்பாடு இல்லை. முதல் இரண்டு வரியில் கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும். மனசில் உள்ளது கடைசி இரண்டு வரிக்கு.

மேகமோ மேட்டு மேலே
காக்கையோ வீட்டு மேலே
ஓசூரு போன மச்சான்
கண்ணெல்லாம் ரோட்டு மேலே

எழுத்தெண்ணும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். யாப்பு படித்தவர்கள் பழக்கத்தில் அசை பிரித்துவிடுவார்கள். இரண்டு எழுத்து சேர்ந்த நிரையசை நமக்கு ஒன்று. துருக்கிக் கணக்கில் அது இரண்டு. அதனால் அசையை மறந்துவிட்டு, புள்ளி எழுத்துகளை நீக்கி மற்றவற்றை மட்டும் எண்ணுங்கள். குறிலும் நெடிலும் ஒன்றுதான். கட்டளைக் கலித்துறைக்கு ஒற்று நீக்கி 16, 17 எழுத்து எண்ணியவர்களுக்கு இது புதிதல்ல. குற்றியலுகரத்தில் மட்டும் கவனம் தேவை. ‘காத்து அடிக்குது’ தாளில் ஆறு; பாடும்போது ‘காத்தடிக்குது’, ஐந்து. வாயில் வருவதையே எண்ண வேண்டும். சந்தேகம் வந்தால் தொடையில் தட்டிக்கொண்டு பாடிப் பாருங்கள், மிகுந்த எழுத்து தானே இடறும்.

அடுத்தது இயைபு, அதாவது வரிக்கடைசிகள் ஒத்து ஒலிப்பது. வரிக்கடைசியில் ஒரே சொல் அல்லது ஒரே விகுதி திரும்ப வந்தால் அதற்கு ‘ரெதிஃப்’ என்று பெயர். அது இயைபு ஆகாது. இயைபு அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலே உள்ள மானியில் ‘மேலே’ ரெதிஃப். மேட்டு, வீட்டு, ரோட்டு என்பதில் வரும் ‘ட்டு’தான் இயைபு. ‘வந்தாச்சு, போயாச்சு, தின்னாச்சு’ என்று எழுதினால் வெறும் ரெதிஃப் மட்டுமே மிஞ்சும். பாட்டு சப்பென்று போகும். ஆனால் இயைபுக்காக ரொம்ப மெனக்கெடவும் வேண்டாம். ஒரே ஒரு மெய்யெழுத்து ஒத்தாலே அங்கே ஏற்பார்கள், பெரும்பாலான பாட்டு அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அளவுக்கு மீறி ஒலி சேர்த்தால் பொருள் பின்வாங்கும்.

மானி கைக்கு வந்தபின் கோஷ்மா. வரிக்கு 11 எழுத்து, பெரும்பாலும் 6+5 என்று நடுவில் ஒரு நிறுத்தம். 4+4+3 என்றும் உண்டு, பழகும்வரை 6+5 போதும். நிறுத்தம் ஒரு சொல்லின் நடுவே விழக்கூடாது. எழுத்தெண்ணிக்கை சரியாக இருந்தும் பாட முடியாமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம். நான்கடிக் கண்ணிகள் மூன்றிலிருந்து ஐந்து வரை. முதல் கண்ணியில் 1, 3 ஒன்றாகவும் 2, 4 ஒன்றாகவும் ஒலிக்கும். பிறகு வரும் கண்ணிகளில் முதல் மூன்று வரிக்குத் தனி இயைபு. நான்காம் வரி மட்டும் முதல் கண்ணியின் கடைசி வரியோடு போய்ச் சேரும். இரண்டாம் கண்ணி ஒன்று:

மாம்பூவும் உதிர்ந்து பிஞ்சு கட்டுது
பட்டியில் அடைச்ச ஆடு முட்டுது
ராத்திரி முழுக்கக் காத்து தட்டுது
போனவன் முகத்தை எப்பப் பாப்பேனோ

கடைசிக் கண்ணியில் பாடியவரின் பெயர் முத்திரையாக வர வேண்டும். அதை எண்ணிக்கைக்குள் அடக்குங்கள். நீளமான பெயரென்றால் இரண்டு, மூன்று எழுத்தில் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வது நல்லது.

பொருளைப் பார்த்துப் பாட்டின் வகை மாறும். அழகையும் இயற்கையையும் பாடுவது குஸெல்லெமெ. 17ஆம் நூற்றாண்டில் டாரஸ் மலை நாடோடிகளிடையே பாடிய கராஜாவோலன் இதில் தலைசிறந்தவர். வீரம் பாடுவது கோச்சக்லமா. நாடோடிக் குடிகளை ஒட்டோமான் அரசு ஓரிடத்தில் கட்டாயமாகக் குடியமர்த்தியதை எதிர்த்து 19ஆம் நூற்றாண்டில் தாதாலோலு பாடியவை இந்த வகை. நம் பக்கம் இதற்கு மலையைத் தேடிப் போக வேண்டாம். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள் முன் நின்று, தொறு (மாட்டு மந்தை) மீட்டுச் செத்தவனைப் பாடுங்கள். குத்திக் காட்டுவது தாஷ்லமா. மாங்காய் விலை விழுந்த வருசத்தில் மண்டியைப் பாடலாம். ஆளைத் திட்டாமல் செயலைக் குத்தினால்தான் எடுபடும். பிழைக்கப் போன இடத்து ஏக்கம் இவை எல்லாவற்றிலும் ஊடாடும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஆள் அனுப்பும் வீடுகளில் இதற்குப் பொருள் வற்றாது. மண்ணைப் பாட நினைப்பவர்கள், சின்ன வயதில் அம்மையில் பார்வை இழந்த ஆஷிக் வெய்ஸெலை (1894–1973) கேட்க வேண்டும். கடைசிவரை கைவிடாத துணை கருமண் ஒன்றே என்று பாடியவர் அவர். ரோஜாவும் ராப்பாடிப் பறவையும் என்று கேட்ட படிமங்களை அப்படியே தூக்கி வைக்காதீர்கள், உங்கள் ஊரில் எது பூக்கிறதோ அதை வையுங்கள்.

இருவர் சேர்ந்தால் போட்டி வைக்கலாம். மூத்தவர் ஓர் இயைபைக் கொடுப்பார். இருவரும் மாறி மாறி அதே இயைபில் கண்ணி சொல்ல வேண்டும், சொல் தீர்ந்தவர் தோற்றார். இன்னும் கடினமான ஒன்றில் உதடுகளுக்கு நடுவே ஊசியைச் செங்குத்தாக வைத்துப் பாடுவார்கள். உதடு ஒட்டினால் ஊசி குத்தும் என்பதால், தமிழில் ப, ம, வ மூன்றையும் விலக்கினால் போதும். உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடும் நம் நிரோட்டகம் போல உ, ஒ ஒலிகளையும் விலக்க வேண்டியதில்லை. பழகுகிறவர்கள் ஊசிக்குப் பதில் தீக்குச்சி வைத்துக்கொள்ளுங்கள்.