ஸ்பிட்ஃபயருக்கு நிரந்தரமா கூரை போடணுமா? மொதல்ல கதவு கேப்பை அளந்து எழுதி வைங்க

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கற பழைய பிரிட்டிஷ் தொறந்த ஸ்போர்ட்ஸ் காரை கூப்பேவா, அதாவது நிரந்தரக் கூரை போட்ட காரா மாத்தணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது கூரை எங்க கெடைக்கும், எவ்ளோ ஆகும்னுதான். நான் சொல்ல வர்றது அதுக்கும் முன்னாடி பாக்க வேண்டிய விஷயம். நீங்க கூரையை ஒட்டுற அன்னிக்கு பாடி எந்த நெலமைல நிக்குதோ, அதே நெலமைலதான் கடைசி வரைக்கும் நிக்கும். தொறந்த காரா இருக்கும்போது பாடி கொஞ்சம் தொய்ஞ்சிருந்தாகூட கீலை நகத்தி, ஷிம்னு சொல்ற மெல்லிசான தகடு வெச்சு சமாளிச்சுக்கலாம், ஆனா கூரை இறுகிப் போச்சுன்னா அதுக்கப்புறம் கதவை மூடுறப்பல்லாம் உங்க தப்பு உங்களுக்கே கேக்கும்.

இந்த கார்ல அது ஏன் இவ்ளோ முக்கியம்னா அடியில இருக்கற சேஸிஸ்தான் காரணம். மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி 1961ல இருந்து பண்ண ஹெரால்டு ஞாபகம் இருக்கா, மட்கார்டோட சேந்து மொத்த முன்பக்கமும் முன்னால கவுந்து தொறக்குமே, அதே ஹெரால்டோட சேஸிஸை சுருக்கித்தான் 1962ல இங்கிலாந்துல ஸ்பிட்ஃபயர் பண்ணாங்க. ஹெரால்டுக்கு வீல்பேஸ் 91.5 இன்ச், இதுக்கு 83 இன்ச். ஆனா சுருக்குனதோட நிறுத்தல, ரெண்டு பக்கமும் ஓடுன சைடு ரெயிலையும் எடுத்துட்டாங்க, நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு ஃப்ரேம் மட்டும்தான் மிச்சம். அந்த ரெயில் செஞ்ச வேலையை இப்ப யார் செய்றாங்கன்னா கதவுக்கு அடியில ஓடுற சில், நம்ம ஊர் டிங்கர் கடையில ரன்னிங் போர்டுன்னு சொல்லுவாங்களே அது. பின் வீல் முன்னபின்ன நகராம புடிச்சு வெக்கற ரேடியஸ் ஆர்ம்கூட சேஸிஸ்ல இல்ல, சீட்டுக்குப் பின்னாடி பாடியிலதான் மாட்டியிருக்கும். அதனால சில் துருப்பிடிச்சா கார் நடுவுல தொய்யும், தொய்ஞ்சா கதவு கேப் மேல குறுகி கீழ விரியும். இந்த ஒரு அடையாளத்தை வெச்சே பாதி காரை எடை போட்டுடலாம்.

கூரை போட்ட ஸ்பிட்ஃபயர் ஒண்ணும் புதுசு இல்லைங்க. காரை வரைஞ்ச ஜொவான்னி மிக்கெலோட்டியே 1963ல ஃபாஸ்ட்பேக் கூரையோட, அதாவது பின்னால சரிஞ்சு எறங்குற கூரையோட ஒரு மாதிரி காரைப் பண்ணாரு. அழகா இருந்துச்சு, ஆனா 1147 சிசி இன்ஜினுக்கு அந்த வெயிட் ஜாஸ்தி. அதே வடிவத்தை ஃபைபர்ல இழைச்சு லெ மான் ரேஸ் காருக்குப் போட்டாங்க, 1965ல ரெண்டு கார் 13வது, 14வது எடத்துல முடிச்சுது. ரோட்டுல ஓட்டுற காருக்கு 1998 சிசி ஆறு சிலிண்டர் இன்ஜினை வெச்சு 1966ல ஜிடி6ன்னு வெளியிட்டாங்க. நாம கராஜ்ல பண்ணப்போறதும் இந்தக் குடும்ப வடிவம்தான், அதனால காருக்கு ஒட்டாத வேலைன்னு யாரும் சொல்ல முடியாது.

வழி மூணு இருக்கு. கம்பெனியோட ஸ்டீல் ஹார்ட்டாப்பை நிரந்தரமா மாட்டி விடுறது ரொம்ப சுலபம், ஆனா டிக்கி டிக்கியாவே இருக்கும், அது கூப்பே வடிவம் இல்ல. ரெண்டாவது, துருப்பிடிச்சு சேஸிஸ் போன ஜிடி6ல இருந்து கூரையை அறுத்து எடுத்து வெல்டிங் பண்றது. இதுல 1970க்கு முந்தின ஜிடி6 கூரை முதல் மூணு மார்க் (மாடல் வரிசையை மார்க்னுதான் சொல்லுவாங்க) ஸ்பிட்ஃபயருக்கு, ஜிடி6 மார்க் 3 கூரை ஸ்பிட்ஃபயர் மார்க் 4க்கும் அதுக்கப்புறம் வந்த 1500க்கும்னு பாத்து எடுக்கணும், அப்படியே கதவு கண்ணாடி, ரப்பர், பின் கதவோட கீல் எல்லாத்தையும் சேத்தே வாங்கிடுங்க. காப்பாத்தக்கூடிய நல்ல ஜிடி6ஐ மட்டும் இதுக்காக அறுக்காதீங்க, எனக்கு மனசு தாங்காது, ஸ்பிட்ஃபயரைவிட அது ரொம்பக் கம்மியா வந்த கார். மூணாவது ஃபைபர் ஃபாஸ்ட்பேக் கூரை. என்னோட 1972 மார்க் 4க்கு நான் பண்ணது இதுதான், கீழ சொல்றதும் இதை வெச்சுத்தான்.

வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சில், ஃப்ளோர், பின் வீல் ஆர்ச் எல்லாத்தையும் ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. பொத்துக்கிட்டு உள்ள போச்சுன்னா கூரை ஆசையைத் தள்ளி வெச்சுட்டு சில்லை மாத்துங்க. மேல பட்டி பாத்து மறைக்கறதுல பிரயோஜனமே இல்ல.

இப்ப அளவு. காரை சமதளமான தரையில, நாலு டயர்லயும் ஒரே காத்து வெச்சு, அதோட கால்லயே நிக்க விடுங்க. ஜாக்கி மேலயோ ஸ்டாண்டு மேலயோ வெச்சு கூரை போடவே கூடாது. இதை நான் அனுபவிச்சு சொல்றேன், மொத தடவை அடியில வேலை பாக்க சௌகரியமா இருக்கட்டும்னு சேஸிஸோட ரெண்டு முனையிலயும் ஸ்டாண்டு குடுத்து தூக்கி வெச்சு கூரையை டெம்பரரியா ஸ்க்ரூ போட்டேன், எல்லாம் கச்சிதமா உக்காந்துச்சு, கீழ எறக்கினதும் வலது கதவு மூடல. கேப்பை அளந்தா மேல 3 மில்லிமீட்டர், கீழ 7. ஒட்டாம ஸ்க்ரூ மட்டும் போட்டிருந்ததால தப்பிச்சேன்.

அதனால கதவைச் சுத்தி எட்டு எடத்துல கேப்பை அளந்து மாஸ்கிங் டேப் ஒட்டி அதுமேலயே எழுதி வைங்க. 4, 5, 6 மில்லிமீட்டர் தடிமன்ல பிளாஸ்டிக் துண்டு வெச்சுக்கிட்டு சொருகிப் பாத்தாலே போதும், ஸ்கேலைவிட அது நிஜம் சொல்லும். கதவு ஓட்டைக்கு கோணக் குறுக்களவு எடுங்க, கொத்தனார் மூலமட்டம் பாக்குற மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். அப்புறம் ஒரு தூண்ல இருந்து இன்னொரு தூணுக்கு பிரேஸ் குடுங்க, 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய் போதும், கதவு ஓட்டைக்கு ரெண்டு, காருக்குக் குறுக்க ஒண்ணு. கதவைக் கழட்டாம உள்பக்கமா பிரேஸ் வர்ற மாதிரி வளைச்சு மாட்டினீங்கன்னா வேலை நடக்க நடக்க கதவை மூடி மூடிப் பாத்துக்கலாம், இது ரொம்ப உதவுச்சு. வின்ட்ஸ்கிரீன் ஃப்ரேம் போல்ட்ல நிக்கற பழைய மார்க்கா இருந்தா அதை மொதல்ல சரியான கோணத்துல டைட் பண்ணி கதவு கண்ணாடியோட ஒத்துப் பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம்.

சீட்டுக்குப் பின்னால குறுக்க வர்ற டெக் இருக்கு பாருங்க, உள்ள எடம் வேணும்னு அதை முழுசா வெட்டிடாதீங்க. ரெண்டு பின் தூணையும் புடிச்சுக் கட்டி வெச்சிருக்கறது அதுதான். நான் டிக்கி மூடியை மட்டும் கழட்டிட்டு டெக்கை அப்படியே விட்டுட்டேன்.

ஆனா அந்த டெக்லதான் ஸ்பிட்ஃபயரோட பெட்ரோல் மூடி இருக்கு, டேங்க்கும் அதுக்கு அடியில, சீட்டுக்குப் பின்னாடியே. தொறந்த கார்ல அது பரவால்ல, ஃபாஸ்ட்பேக் போட்டதும் மூடி காருக்குள்ள வந்துடும். உள்ள பெட்ரோல் ஊத்துற மாதிரி விடவே விடாதீங்க. ஜிடி6ல டேங்க்கை டிக்கிக்கு இடது பக்கம் மாத்துனாங்க, அந்த டேங்க்கையே போட்டா நல்லது. இல்லன்னா பெட்ரோலுக்கான ஹோஸ் போட்டு வாயை வெளிப்பக்கம் கொண்டு வந்து, அதைச் சுத்தி ஒரு கிண்ணம், சிந்துறது வெளிய வடிய ஒரு குழாய், டேங்க்கோட காத்து போற குழாயும் காருக்கு வெளிய. டேங்க்குக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கற பழைய அட்டையை எடுத்துட்டு அலுமினியத் தகடு வெச்சு சுத்தி சீல் பண்ணிடுங்க. கிரைண்டரோ வெல்டிங்கோ எடுக்கறதுக்கு முன்னாடி டேங்க்கை கழட்டி கராஜை விட்டே வெளிய வெச்சுடுங்க, காலி டேங்க்தானேன்னு நெனக்காதீங்க, உள்ள நிக்கற ஆவிதான் வெடிக்கும். பேட்டரி ஒயரையும் கழட்டிடுங்க.

கூரை புதுசா அச்சுல இருந்து வந்ததுன்னா ரெண்டு மூணு வாரம் சும்மா விடுங்க, அதுவும் காரு மேலயே உக்கார வெச்சு விடுங்க. முழுசா காயாத ஃபைபர் எதுமேல சாஞ்சு காயுதோ அந்த வடிவத்துக்கு வளைஞ்சுக்கும், செவுத்துல சாத்தி வெச்சா கோணிக்கும். அதுக்கப்புறம் ஒட்டாம பொருத்திப் பாக்குற வேலை, இதுக்குத்தான் நாள் புடிக்கும், எனக்கு நாலு வார இறுதி போச்சு. வின்ட்ஸ்கிரீன் மேல்சட்டத்துல ஆரம்பிச்சு பின்னால போங்க, உரசுற எடத்துல சாக்பீஸ் தடவி வெச்சுப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா உப்புத்தாள்ல தேய்ங்க. சீட்டைப் போட்டு, ஹெல்மெட் இல்லாம நிமிந்து உக்காந்து தலை இடிக்குதா பாருங்க. ஒவ்வொரு தடவையும் கதவை மூடிப் பாத்து டேப்ல எழுதின அளவோட ஒப்பிட்டுக்கிட்டே இருங்க.

கூரையோட ஓரம் மெலிசா இருந்தா உள்பக்கம் ரெண்டு மூணு அடுக்கு ஃபைபர் மேட் போட்டு தடிமனாக்கணும். 1 கிலோ பாலியெஸ்டர் ரெசினுக்கு 20 கிராம் வரைக்கும் ஹார்டனர், அதுக்கு மேல போனா சூடாகி வெடிப்பு விடும். இங்க குளிர்காலத்துல கராஜ் 5 டிகிரி இருக்கும், அதுல ரெசின் வாரக்கணக்குல பிசுபிசுன்னே நிக்கும், 15 டிகிரிக்கு மேல இருக்கற நாளாப் பாத்து செய்ங்க. ஹீட்டர் போட்டீங்கன்னா நெருப்பு தெரியாத எலக்ட்ரிக் ஹீட்டரா இருக்கட்டும். ஆவிக்கு ஏத்த மாஸ்க், கையுறை கட்டாயம், காஞ்சதைத் தேய்க்கும்போது தூசி மாஸ்க்கும் முழுக்கை சட்டையும் போடுங்க, இல்லன்னா ராத்திரி முழுக்க அரிக்கும்.

ஒட்டுறதுக்கு பாலியூரித்தேன் பசைதான் என் சிபாரிசு. ஃபைபரும் ஸ்டீலும் வெயில்ல ஒரே அளவு விரியாது, இறுக்கமா வெறும் ரிவெட்ல புடிச்சா கொஞ்ச நாள்ல ஓட்டையைச் சுத்தி நட்சத்திரம் மாதிரி கீறல் விடும். ஸ்டீல் பக்கம் பெயின்ட்டை எடுத்துட்டு எபாக்ஸி பிரைமர், ஃபைபர் பக்கம் 80 நம்பர் உப்புத்தாள்ல நல்லா சொரசொரப்பாக்கி தொடச்சு விடுங்க. நடுவுல 3 மில்லிமீட்டர் ரப்பர் துண்டு அங்கங்க வெச்சா பசை முழுசா பிதுங்கி வெளிய வராது, அந்தத் தடிமன்தான் அசைவைத் தாங்கும். பின் தூண்லயும் வின்ட்ஸ்கிரீன் மேல்சட்டத்துலயும் பெரிய வாஷரோட போல்ட்டும் போடுங்க. இந்தப் பசை காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சு ஓரத்துல இருந்து உள்ள காயும், ஒரு நாளைக்கு மூணு நாலு மில்லிமீட்டர்தான், அதனால ஒரு வாரம் காரைத் தொடாதீங்க, பிரேஸையும் எடுக்காதீங்க. எடுத்த பிறகு கேப் மாறலைன்னா பெரிய கண்டம் தாண்டியாச்சு.

இன்னொண்ணு, கார் கவுந்தா இந்த ஃபைபர் கூரை காப்பாத்தாது. வேகமா ஓட்டுறவங்க சேஸிஸோட கட்டின ரோல் பாரை இப்பவே உள்ள வெச்சுடுங்க, கூரை ஒட்டின பிறகு அதை நுழைக்க முடியாது.

பின் கண்ணாடிக்கு பாலிகார்பனேட் ஷீட்னா ஓட்டையை போல்ட்டைவிட 2 மில்லிமீட்டர் பெருசா போடுங்க, தின்னர் வெச்சு தொடைக்கவே கூடாது. டஃபண்டு கண்ணாடியை வெட்டவோ தொளைக்கவோ முடியாது, செஞ்சா பொடிப்பொடியாயிடும், அளவு குடுத்து செஞ்சு வாங்கணும். பின் கதவோட ரப்பர் பீடிங் சரியா உக்காரலைன்னா ஓடுற கார்ல பின்னால உண்டாகுற காத்தழுத்தக் குறைவு சைலன்சர் புகையை உள்ள இழுக்கும், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கெடையாது. ஒரு பேப்பர் துண்டை பீடிங்ல வெச்சு மூடி இழுத்துப் பாருங்க, சுத்தி எங்க இழுத்தாலும் புடிச்சு நிக்கணும்.

பிரிட்டன்ல இருக்கறவங்க லாக்புக்ல, அதாவது வண்டியோட பதிவுப் புத்தகத்துல பாடி வகை மாறுறதை வண்டி பதிவு பாக்குற அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.க்கு சொல்லணும், இன்சூரன்ஸ்காரங்களுக்கும் வேலைக்கு முன்னாடியே எழுதிக் கேளுங்க, ஒவ்வொரு கட்டத்துலயும் போட்டோ எடுத்து வைங்க. சேஸிஸ்ல மட்டும் கை வைக்காதீங்க, கார் அதே கார்தான்னு காட்ட உங்ககிட்ட இருக்கற பெரிய ஆதாரம் அது.

எல்லாம் முடிஞ்சதும் கதவு கண்ணாடி ரப்பர்ல முழுசும் சாக்பீஸ் தடவி, கண்ணாடியை ஏத்தி கதவை மூடி, தொறந்து பாருங்க. கண்ணாடி ஓரத்துல வெள்ளைக் கோடு எங்க விட்டுப்போகுதோ அங்கதான் மழை ஒழுகும். கண்ணாடியோட ரெயிலை உள்பக்கம் கொஞ்சம் சாய்ச்சு மறுபடி பாருங்க, கோடு அறுபடாம வர்ற வரைக்கும். அப்புறம் ஒருத்தரை உள்ள டார்ச்சோட உக்கார வெச்சு வெளிய இருந்து பத்து நிமிஷம் ஹோஸ்ல தண்ணி அடிங்க. 500 மைல் ஓடினதும் அந்த எட்டு எடத்துலயும் கேப்பை மறுபடி அளந்து, பழைய டேப்புக்குப் பக்கத்துலயே புது டேப் ஒட்டி எழுதுங்க.