கொற்கைப் புள்ளிகள் கடலில் விழுந்தால்

ஆதிச்சநல்லூர், கொற்கை என்ற இரு தொல்லியல் தளங்களின் களத்தரவையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரே கோப்பாக்கினேன். கொற்கையின் பானையோட்டுப் புள்ளிகள் எல்லாம் அரபிக் கடலில், லட்சத்தீவின் மினிக்காய்க்கும் மேற்கே போய் விழுந்தன. சுமார் 660 கிலோமீட்டர் பிழை!

காரணம் 78 பாகை தீர்க்கரேகை. அது இவ்விரு ஊர்களுக்கும் நடுவே ஓடுகிறது. உலகை 6 பாகைப் பட்டைகளாகப் பிரித்து, இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் ஆதிச்சநல்லூர் மண்டலம் 43, கொற்கை 44. நானோ இரண்டுக்கும் 43 என்றே குறித்திருந்தேன். கிழக்கெண்ணை (கிழக்கு-மேற்கு நிலையைச் சொல்லும் மீட்டர் எண்) பார்த்தாலே தெரிந்துவிடும்: ஆதிச்சநல்லூருக்கு 8 லட்சத்துக்கு மேல் வரும், கொற்கைக்கு 2 லட்சத்தைத் தாண்டாது.

கொற்கை அடுக்குக்கு முதலில் 32644 என்ற குறியீட்டை (மண்டலம் 44-இன் வடபாதி) மட்டும் சூட்டினேன். எண்கள் மாறாது, பெயர்ச்சீட்டுதான் மாறும். அதன்பிறகே இரண்டையும் 4326-க்கு, அதாவது பொதுவான அட்சரேகை-தீர்க்கரேகை முறைக்கு, உருமாற்றி இணைத்தேன். தவறான சீட்டோடு உருமாற்றினால் பிழை எண்ணுக்குள்ளேயே ஏறிவிடும். அசல் கோப்பு இல்லையென்றால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அசலைத் தொடவே தொடாதீர்கள்.

பகிரும்போது ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவம் வேண்டாம். அதில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆவதால், 'பானையோடு' என்ற தலைப்பு 'பான' என்று நறுக்கப்படும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை.

களத்தரவை எக்செலில் இறக்குமதி செய்யும்போதே அகழாய்வுக் குழி எண் நெடுவரிசையை 'உரை' என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் '3-5' தேதியாகிவிடும்.