ஏ.டி.எச்.டி. குளிசையின் பெட்டி மாறியிருந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்முனையிலோ மட்டக்களப்பு டவுணிலோ பிள்ளையின் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிதமிஞ்சிய துடிப்பும்) மருந்து எடுக்கப் போகிறீர்கள். போன மாதம் வெள்ளைப் பெட்டி, இந்த மாதம் நீலப் பெட்டி. கம்பனியும் வேறு. "பேர் வேறயாக் கிடந்தாலும் மருந்து ஒண்டுதான் அக்கா" என்கிறார் பாமசிப் பொடியன். பெரும்பாலான மருந்துகளுக்கு அந்தப் பதில் போதும். இந்த வகைக்கு மட்டும் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் எதிர்த்திசைத் தவறு ஒன்று. ஜெனரிக், அதாவது மூலக் கம்பனியின் மருந்தையே வேறு கம்பனி செய்து விற்பது, என்றாலே சக்தி குறைந்த சரக்கு என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. "80 முதல் 125 வீதம் வரை அனுமதி" என்று எங்கோ கேள்விப்பட்டு, குளிசையில் ஐந்திலொரு பங்கு மருந்தைக் குறைத்துவிடுவார்கள் என்று கணக்குப் போடுபவர்களும் உண்டு. அந்த எல்லை குளிசைக்குள் இருக்கும் மருந்தின் அளவுக்கானதல்ல. இரத்தத்தில் சேரும் அளவை மூல மருந்தோடு ஒப்பிடும்போது, கணிப்பின் முழு வீச்சுமே அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் விதி. அமெரிக்காவில் இப்படியான 2,070 ஒப்பீட்டு ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தபோது, உடலில் சேர்ந்த மொத்த அளவில் சராசரி வித்தியாசம் 4 வீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. பயத்தில் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெதில்பெனிடேட் பழைய மருந்து. ரிட்டலின் என்ற பெயரில் 1955 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிறகு வந்த "புதியவை" பலவற்றின் உள்ளேயும் அதே மருந்துதான்; அது வெளியாகும் விதம் மட்டும் வேறு. உடனே கரையும் குளிசை ஏறக்குறைய 4 மணித்தியாலம் பிடிக்கும். ரிட்டலின் எல்.ஏ. கப்சூல் பாதியை உடனேயும் மறுபாதியைப் பின்னரும் விட்டு, 8 மணித்தியாலமளவு தாக்குப்பிடிக்கும். கொன்சேர்ட்டா மேற்பூச்சில் 22 வீதத்தை முதலில் விட்டு, மீதி 78 வீதத்தை மெல்ல மெல்லத் தள்ளி, 12 மணித்தியாலம் வரை போகும்.

இதை எங்கள் பிள்ளைகளின் நாளோடு வைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் போட்ட 4 மணித்தியாலக் குளிசை பதினொரு மணிக்கு முடிந்துவிடும். பாடசாலை விட ஒன்றரை. நீண்டநேரக் குளிசைக்குப் பதிலாக இது வந்துவிட்டால், கடைசிப் பாடங்களில் பிள்ளை கதிரையில் நில்லாது. டீச்சர் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதி அனுப்புவார். வீட்டில் பிள்ளைக்கு ஏச்சு விழும். மருந்து மாறியது யாருக்கும் நினைவிருக்காது. மாறாக, பின்னேர ரியூசனுக்காக மூன்று மணிக்கு 12 மணித்தியாலக் குளிசையைக் கொடுத்தால் அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

நீண்டநேர வகைக்குள்ளேயே மாறினாலும் கவனம் வேண்டும். 2014 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கொன்சேர்ட்டாவின் இரண்டு ஜெனரிக்குகளைத் தானாக மாற்றிக் கொடுக்கக்கூடிய பட்டியலிலிருந்து இறக்கியது. குடித்து 7 முதல் 12 மணித்தியாலத்துக்குள் சிலருக்கு அவை மருந்தை மந்தமாக வெளியிடக்கூடும் என்பதே காரணம். பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனமும் 2022இல் இதே வகைக்கு எச்சரிக்கை விட்டது. ஆகவே பெட்டியில் மூலப்பெயரையும் (கம்பனி வைத்த பெயரல்ல, உள்ளிருக்கும் மருந்தின் பெயர்) மில்லிகிராமையும் பார்த்தால் போதாது. பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல்., எல்.ஏ., எஸ்.ஆர். என்று ஒட்டியிருக்கும் எழுத்தையும் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி: "இது எத்தனை மணித்தியாலம் நிக்கும்?" மில்லிகிராமும் ஏமாற்றும். கொன்சேர்ட்டா 18 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று முறை போடும் 5 மி.கி. சாதாரணக் குளிசைக்கு ஈடு. இலக்கம் கூடிவிட்டது என்று வீட்டிலேயே பாதியாக உடைத்தால் உள்ளிருக்கும் பொறிமுறையே போய்விடும். அந்தக் குளிசையை உடைக்கவோ சப்பவோ அரைக்கவோ கூடாது. அதன் வெற்றுக்கோது மலத்தோடு முழுசாக வெளியே வரும். மருந்து இறங்கவில்லை என்று பதறி இன்னொன்று கொடுக்காதீர்கள்.

சில கப்சூல்களைத் திறந்து உணவில் தூவலாம், சிலதைக் கூடாது. அட்டொமொக்செட்டின் என்ற இன்னொரு ஏ.டி.எச்.டி. மருந்தின் தூள் கண்ணில் பட்டால் எரியும். அதைத் திறக்கவே வேண்டாம். அந்த மருந்தை ஒரு கிழமையில் "வேலை செய்யேல்ல" என்று நிறுத்துவதும் தவறு, முழுப் பலன் தெரிய நாலைந்து கிழமையாவது ஆகும். இதே நோய்க்கான குவான்பசின் என்றால் சட்டென்று நிறுத்தவே கூடாது, இரத்த அழுத்தம் எகிறும்.

அம்பெட்டமின் வகை ஏ.டி.எச்.டி. மருந்தான லிஸ்டெக்ஸாம்பெட்டமினின் ஜெனரிக் 2023 ஓகஸ்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, விலொக்சசின் என்ற இன்னொரு மருந்து 2021இல் அங்கே அனுமதி பெற்றது. இந்தச் செய்திகளைப் போனில் பார்த்துவிட்டு லண்டனில் இருக்கும் மாமாவிடம் அனுப்பச் சொல்வது நம்மூர் வழக்கம். இலங்கையில் ஒரு மருந்தை விற்க, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவு வேண்டும். மெதில்பெனிடேட், அம்பெட்டமின் இரண்டும் மனநிலையை மாற்றும் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருப்பவை. பால்மாப் பெட்டியோடு சேர்த்து அனுப்பும் சாமான் அல்ல.

நோன்பு காலத்தில் காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் வேறொரு தவறு நடக்கிறது: காலைக் குளிசையை நோன்பு திறந்த பிறகு போடுவது. எந்த வகை, எத்தனை மணி என்பதை றமழானுக்கு முன்வரும் கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள். சஹருக்கு (நோன்பு தொடங்க முன் விடியற்காலைச் சாப்பாட்டுக்கு) போடலாமா என்பதும் அந்த விடையில்தான் இருக்கிறது.

கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகும் இளைஞர், இந்த மருந்தைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏற முன்னர் அந்த நாட்டுத் தூதரகத்தில் அனுமதி விபரத்தைக் கேட்டறிய வேண்டும். வைத்தியரின் கடிதத்தில் கம்பனிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதி வாங்குங்கள், பெட்டியில் அச்சடித்திருப்பதும் அதுவும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கள்.