கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதலீட்டுக் கணக்கு, அட்வைசர், சட்டம்

டொரண்டோ பக்கம் வந்து இறங்குபவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வேறு மாகாணத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும், ஆனால் எல்லாமே பொருந்தாது. காரணம், ஊரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்க செபி இருப்பது போல இங்கே நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு கிடையாது. 10 மாகாணம், 3 பிரதேசம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒண்டாரியோவில் அது ஒண்டாரியோ செக்யூரிட்டீஸ் கமிஷன், சுருக்கமாக ஓஎஸ்சி. புரோக்கர் நிறுவனங்களையும் மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் நிறுவனங்களையும் அன்றாடம் கண்காணிப்பது சிரோ என்ற அமைப்பு, 2023ல் இரண்டு பழைய அமைப்புகளை இணைத்து உருவாக்கினார்கள். இன்சூரன்ஸுக்கு வேறு பாதை, ஒண்டாரியோவில் அதைப் பார்ப்பது எஃப்எஸ்ஆர்ஏ. இப்போதைக்கு இந்த மூன்று பெயர் போதும்.

ஏன் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்றால், உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசும் அந்த அட்வைசர் இந்த மூன்றில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நம் ஆட்களில் ரொம்பப் பேரிடம் இருப்பது இன்சூரன்ஸ் லைசென்ஸ் மட்டும். அதை வைத்து ஆயுள் காப்பீடு விற்கலாம், செக்ரிகேட்டட் ஃபண்ட் விற்கலாம். இந்த செக் ஃபண்ட் பார்ப்பதற்கு மியூச்சுவல் ஃபண்ட் மாதிரியே இருக்கும், ஆனால் சட்டப்படி அது இன்சூரன்ஸ் ஒப்பந்தம், கட்டணமும் பொதுவாகக் கூடுதல். அவரால் மியூச்சுவல் ஃபண்டோ பங்கோ, பங்கு போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டான இடிஎஃபோ விற்க முடியாது. அதனால் உங்களுக்கு எது நல்லது என்று கேட்டால், அவரிடம் இருக்கும் இரண்டு பொருளில் ஒன்றுதான் பதிலாக வரும். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவர் கடையில் இருக்கும் சரக்கு அவ்வளவுதான். வங்கிக் கிளையில் உட்கார்ந்திருப்பவரும் அப்படித்தான், பெரும்பாலும் அந்த வங்கியின் சொந்த ஃபண்டுகளை மட்டும் காட்டுவார்.

ஒண்டாரியோவில் 2022 மார்ச் முதல் 'ஃபைனான்ஷியல் அட்வைசர்', 'ஃபைனான்ஷியல் பிளானர்' என்ற பட்டங்களை எஃப்எஸ்ஆர்ஏ ஏற்றுக்கொண்ட தகுதி இருப்பவர்கள்தான் போட்டுக்கொள்ள முடியும். ஆனால் விசிட்டிங் கார்டில் அச்சடிக்க வேறு பெயரா இல்லை? அதனால் கார்டை விடுங்கள். மாகாண அமைப்புகள் சேர்ந்து நடத்தும் தேசியப் பதிவுத் தேடல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பெயரைப் போட்டால் அவர் பதிவு செய்தவரா, எந்த நிறுவனத்தின் கீழ், எந்த வகை, ஏதாவது நிபந்தனை விதித்திருக்கிறார்களா என்று வந்துவிடும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்றால் எஃப்எஸ்ஆர்ஏ தளத்தில் தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை. "அண்ணா, உங்க லைசென்ஸ் பேர்ல இருக்கற முழுப் பேர் என்ன?" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை, ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மகள் பிறந்து நாலு மாதம் இருக்கும். தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்தார், எங்கள் ஊர்ப்பக்கம்தான், குழந்தைக்குத் துணியெல்லாம் வாங்கிவந்திருந்தார். "தம்பி, பாப்பாவுக்கு சின் நம்பர் வந்துடுச்சா? அரசாங்கம் சும்மா தர்ற பணத்த ஏன் விடணும்?" என்றார். சின் என்பது அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண். அவர் சொன்ன அரசாங்கப் பணம் உண்மைதான். குழந்தையின் படிப்புக்கான ஆர்இஎஸ்பி கணக்கில் வருடம் 2,500 டாலர் வரை நீங்கள் போடும் பணத்துக்கு மத்திய அரசு 20 சதவீதம் சேர்க்கிறது, அதாவது வருடத்துக்கு 500, மொத்தமாக ஒரு குழந்தைக்கு 7,200 வரை. வருமானம் குறைவான குடும்பம் என்றால் கனடா லேர்னிங் பாண்ட் என்று 2,000 வரை தனியாக வரும், அதற்கு நீங்கள் ஒரு டாலர்கூடப் போட வேண்டியதில்லை. வந்த முதல் ஒன்றிரண்டு வருடம் நம்மில் பலர் இதற்குத் தகுதியானவர்கள், கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

ஆனால் நான் கையெழுத்துப் போட்டது குரூப் பிளான் எனப்படும் ஸ்காலர்ஷிப் திட்டம். மாதாமாதம் கட்டியே தீர வேண்டும், ஆரம்பத்தில் கட்டும் பணத்தில் பெரும்பகுதி விற்பனைக் கட்டணமாகப் போய்விடும். இரண்டாம் வருடம் வேலை போனபோது கட்டமுடியாமல் நிறுத்தினேன். கட்டியதில் பாதிகூடத் திரும்பவில்லை. இதில் என்னை இன்னும் வருத்துவது, கையெழுத்துப் போட்ட 60 நாளுக்குள் ரத்து செய்தால் கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பது அந்த ஆவணத்திலேயே இருந்தது, யாரும் சொல்லவில்லை, நானும் படிக்கவில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்கு அந்த 60 நாள் இன்னும் முடியாமல் இருந்தால், இன்றைக்கே அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். வங்கியிலோ ஆன்லைன் புரோக்கரிடமோ சாதாரண ஆர்இஎஸ்பி திறந்தால் அதே அரசு மானியம் வருகிறது, எவ்வளவு போடுவது, எப்போது போடுவது எல்லாம் நம் விருப்பம். மியூச்சுவல் ஃபண்டுக்கும் இப்படி ஒரு சின்ன அவகாசம் உண்டு. ஃபண்ட் ஃபேக்ட்ஸ் என்ற சுருக்க ஆவணம் கைக்கு வந்து 2 வேலை நாளுக்குள் வாங்குவதிலிருந்து விலகலாம்.

இன்னொரு பழைய தொந்தரவு, முன்னதாகப் பணத்தை எடுத்தால் அபராதம் பிடிக்கும் டிஎஸ்சி முறை. மியூச்சுவல் ஃபண்டில் 2022 ஜூன் முதலும் செக் ஃபண்டில் 2023 ஜூன் முதலும் புதிதாக அப்படி விற்கக்கூடாது. உறவினர்கள் அதற்கு முன் வாங்கியதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம், அவர்களுக்கும் சொல்லுங்கள்.

சரி, அடுத்தது படிவம். கணக்குத் திறக்கும்போது உங்கள் வருமானம், சொத்து, கடன், அனுபவம், எத்தனை வருடம் பணத்தைத் தொடாமல் இருப்பீர்கள், எவ்வளவு நஷ்டம் தாங்குவீர்கள் என்றெல்லாம் கேட்டு ஒரு படிவம் நிரப்புவார்கள். இந்தியாவில் கேஒய்சி என்றால் பான், ஆதார், போட்டோ. இங்கே அதே பெயரில் இருப்பது வேறு விஷயம். அட்வைசர் தரும் யோசனை உங்களுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும், அதில் உங்கள் நலனை முன்னால் வைக்க வேண்டும் என்பது 2021 கடைசியிலிருந்து எழுத்தில் இருக்கும் கடமை, அந்தப் பொருத்தத்தை அளக்கும் அளவுகோல் இந்தப் படிவம்தான். நாளைக்குப் பிரச்சினை என்று போய் நின்றால் முதலில் எடுத்து வைக்கப்படுவதும் இதுதான். "நீங்கதானே 'ஹை ரிஸ்க்'னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்பார்கள். "அப்புறம் நான் ஃபில் பண்ணிக்கறேன்" என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் எழுந்துவிடுங்கள். அப்படி வாங்குவது அவர்களுடைய விதிகளுக்கே எதிரானது. ஆண்டு வருமானத்தை ஏற்றிப் போடுவதும், 'முதலீட்டு அறிவு: நன்று' என்று டிக் அடிப்பதும், வந்து எட்டு மாதமான ஆளுக்குக் கடன் வாங்கிக் கொடுத்து அந்தப் பணத்தை ஃபண்டில் போடச் சொல்வதும் இந்தப் படிவத்தில் ஆரம்பிக்கிற விஷயங்கள். நகல் வாங்கி வீட்டில் வையுங்கள், வேலை மாறினாலோ குழந்தை பிறந்தாலோ புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

டிஎஃப்எஸ்ஏ, அதாவது உள்ளே வரும் லாபத்துக்கு வரியில்லாத சேமிப்புக் கணக்கு பற்றி ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. 2009ல் இத்திட்டம் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்த வரம்பு ஒரு லட்சத்துக்கு மேல் என்று செய்தியில் படித்துவிட்டு, ஊரில் நிலம் விற்ற பணத்தை அப்படியே கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு வரம்பு தொடங்குவது நீங்கள் இங்கே வரிக் குடியிருப்பாளர் ஆன வருடத்திலிருந்துதான். 2024 அக்டோபரில் வந்தவருக்கு அந்த வருடத்துக்கு முழு 7,000, 2025 ஜனவரியில் இன்னொரு 7,000, ஆக 2025ல் 14,000. அவர் அந்த வருடம் 40,000 போட்டால் மிச்சம் 26,000க்கும் மாதம் 1 சதவீதம், அதாவது மாதத்துக்கு 260 டாலர், எடுக்கும்வரை வரித்துறைக்குப் போகும். வங்கி உங்களைத் தடுக்காது. வேலை அனுமதியில் வந்தவர்களும் மாணவர்களும் 18 வயதாகி, சின் நம்பர் இருந்து, வரிக்குக் குடியிருப்பாளர்களாக இருந்தால் திறக்கலாம், நிரந்தர வதிவிட உரிமை (பிஆர்) வரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம், அதற்குள் தினமும் வாங்கி விற்றுத் தொழில் போல நடத்தினால் லாபத்துக்கு வரி உண்டு என்று 2023ல் வரி நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் 15,000 டாலர் 6 லட்சத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான ஆர்ஆர்எஸ்பிக்கு முந்தைய வருடம் இங்கே சம்பாதித்திருக்க வேண்டும், அதில் 18 சதவீதம்தான் வரம்பு, எனவே வந்த வருடமே அதற்கு அவசரமில்லை. முதல் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கான சேமிப்புக் கணக்கான எஃப்எச்எஸ்ஏவைத் திறந்து வையுங்கள், வருடத்துக்கு 8,000, மொத்தம் 40,000.

இப்போது கோயிலிலும் பிறந்தநாள் விழாவிலும் நடக்கும் பேச்சுக்கு வருகிறேன். "என்கிட்ட குடுங்க, மாதம் 2 பர்சென்ட் உறுதி, ப்ராமிசரி நோட் எழுதித் தர்றேன்." தம்பிக்கு அவசரச் செலவுக்குக் கைமாற்று கொடுப்பது வேறு. பலரிடம் பணம் திரட்டி நோட் எழுதிக் கொடுத்தால் ஒண்டாரியோ சட்டப்படி அந்த நோட்டே செக்யூரிட்டி, அதாவது பங்கு போல ஒரு முதலீட்டுப் பத்திரம். அதை விற்க ப்ராஸ்பெக்டஸ் என்ற முழு விவர ஆவணம் வேண்டும், அல்லது சட்டம் தந்திருக்கும் விலக்கு ஒன்றில் அடங்க வேண்டும். அதில் ஒரு விலக்கு 'அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்': தனியாளின் வருமானம் கடந்த இரண்டு வருடமும் 2 லட்சம் டாலரைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது நிதிச் சொத்தே 10 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும், இப்படிச் சில அளவுகள். புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் அதில் அடங்குவார்கள்? இருந்தும் "சும்மா ஃபார்மாலிட்டி" என்று அந்தப் படிவத்தில் டிக் போட வைக்கிறார்கள். இன்னொன்று குடும்பத்தாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்குமான விலக்கு. இதைப் பற்றிய ஒழுங்குமுறை விளக்கத்தில் ஒரு விஷயம் நமக்காகவே எழுதியது போல இருக்கிறது: ஒரே சங்கத்திலோ ஒரே சமயக் குழுவிலோ இருப்பதால் மட்டும் ஒருவர் நெருங்கிய நண்பர் ஆகிவிட மாட்டார். ஒரே கோயில், ஒரே ஊர்ச் சங்கம் என்ற காரணத்தைச் சொல்லி உங்களிடம் அப்படி விற்க முடியாது. தெரிந்தவர்களுக்குள் பிடிக்கும் சீட்டுக்கும் முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் கிடையாது, நம்பிக்கை ஒன்றுதான். எவ்வளவு போனால் தாங்குவீர்களோ அதற்குமேல் எடுக்காதீர்கள்.

ஊரில் விட்டுவிட்டு வந்த கணக்குகளும் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து வேலைக்காக வெளியேறிய பிறகு பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், டிமாட்டிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் என்ஆர்ஐ என்று தெரிவிக்க வேண்டும். கனடாவில் இருப்பவர்களிடமிருந்து புதுப் பணம் வாங்காத ஃபண்ட் நிறுவனங்கள் உண்டு, எஸ்ஐபி ஓடிக்கொண்டிருந்தால் விசாரித்துவிடுங்கள். தம்பியிடம் பாஸ்வேர்டு கொடுத்து உங்கள் பெயரில் டிரேடிங் செய்யச் சொல்வதை நிறுத்துங்கள். இங்கே வரிப் பக்கம், வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை சேர்ந்து 1 லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் அவற்றை வரித்துறைக்குத் தெரிவிக்கும் டி1135 படிவம் கொடுக்க வேண்டும். வந்த முதல் வருடத்துக்கு வேண்டாம், இரண்டாம் வருடத்திலிருந்து வேண்டும். வாடகைக்கு விட்ட ஃபிளாட், எஃப்டி, பங்கு எல்லாம் சேரும், அம்மா அப்பா வரும்போது நாமே தங்கும் வீடு சேராது. இங்கே வந்த தேதியில் இருந்த சந்தை மதிப்புதான் உங்கள் அடக்கவிலை, அதனால் அந்த நாளின் ஸ்டேட்மெண்டுகளை இப்போதே எடுத்து வையுங்கள். மறந்தால் நாளுக்கு 25 டாலர், அதிகபட்சம் 2,500 வரை அபராதம்.

ஏதாவது தவறு நடந்துவிட்டால் முதலில் எது எதைக் காப்பாற்றும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வங்கி டெபாசிட்டுக்கு சிடிஐசி என்ற டெபாசிட் காப்பீட்டு அமைப்பு, ஒரு வங்கியில் ஒரு வகைக்கு 1 லட்சம் வரை. சிரோ உறுப்பினர் நிறுவனம் திவாலாகி உங்கள் பங்கோ பணமோ காணாமல் போனால் சிஐபிஎஃப் என்ற முதலீட்டாளர் பாதுகாப்பு நிதி, பொதுவாக 10 லட்சம் வரை. சந்தை விழுந்து வந்த நஷ்டத்துக்கு இரண்டுமே தராது. அட்வைசரின் தவறு என்றால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் வேண்டாம். 90 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஓபிஎஸ்ஐ என்ற குறைதீர் அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை, 3,50,000 டாலர் வரை இழப்பீடு பரிந்துரைப்பார்கள். நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்து 180 நாளுக்குள் போக வேண்டும். செக் ஃபண்ட், ஆயுள் காப்பீடு என்றால் ஓபிஎஸ்ஐ பார்க்காது, முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி, ஏஜென்டின் நடத்தை பற்றி என்றால் எஃப்எஸ்ஆர்ஏ. வழக்குப் போடுவதானால் ஒண்டாரியோவில் பொதுவாக விஷயம் தெரியவந்ததிலிருந்து 2 வருடம்தான், பெரிய தொகை என்றால் வக்கீலை அதற்கு முன்னாலேயே பாருங்கள். புகாரில் ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தேதி, எவ்வளவு தொகை, யார் என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதி, வாட்ஸ்அப் செய்திகளையும் கணக்குத் திறந்தபோது நிரப்பிய படிவத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.