ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார்ந்து பேசுங்கள்: அரசுப் பள்ளியின் நான்கு ஆண்டுகளைத் திட்டமிடுவது எப்படி?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் எனக்கு ஐந்தாறு போன் வரும். எங்கள் தெருவில் முதலில் டிகிரி முடித்தவன் நான், அதனால் கேட்கிறார்கள். எந்த குரூப் எடுக்கலாம், எந்தப் பள்ளியில் சேர்க்கலாம், ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கா? மூன்றும் நல்ல கேள்விகள்தான். ஆனால் மூன்றாவதுக்குப் பதில் சொல்லும்போது மனசு கஷ்டமாகிவிடும், ஏனென்றால் அந்தப் பிள்ளை எழுதியிருக்க வேண்டிய இரண்டு உதவித்தொகைத் தேர்வுகள் எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் வந்து, போயும் போயிருக்கும்.

எனக்கே அப்படித்தான் ஆனது. நான் ஒன்பதாவது படித்த வருடம், ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கான அறிவிப்பு ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிக் கிடந்தது. வகுப்பில் யாரும் வாசித்துச் சொல்லவில்லை, எங்களுக்கும் அந்த அறைப் பக்கம் போகப் பயம். பல வருடம் கழித்துத்தான் அது என்ன தேர்வு என்றே தெரிந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இன்று கிடைக்கும் உதவிகள் நிறைய. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயதும் ஒரு வகுப்பும் ஒரு கடைசித் தேதியும் உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடத்தையும் ஒரே திட்டமாக வைத்துப் பார்த்தால்தான் எதுவும் கைநழுவாது.

முதலில் காகிதங்கள்

ஒரு நோட்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அந்த ஃபைலில் ஆதார், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிள்ளை பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கில் ஆதார் இணைத்ததற்கான உறுதி இவ்வளவும் இருக்கட்டும். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் ரிசல்ட் சமயத்தில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள், ஆகவே ஒன்பதாவது தொடங்கும் போதே எடுத்துவிடுங்கள். வருமானச் சான்றிதழ் மட்டும் பழையதாகிவிட்டால் திரும்ப எடுக்க வேண்டிவரும்.

அப்புறம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் இன்னொரு எழுத்து, பள்ளிப் பதிவில் இனிஷியல் வேறு என்று பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாரிப்பார்கள். அது போவதற்குள் திருத்திவிட்டால் ஒரு கடிதத்தோடு முடிந்துவிடும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்தப் போனால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். தயவு செய்து இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

தேர்வெழுதி வாங்கும் உதவித்தொகைகள்

எட்டாம் வகுப்பில் வருவது என்.எம்.எம்.எஸ்., அதாவது தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், வருடத்துக்கு 12,000. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தேர்வில் வென்றதோடு வேலை முடிவதில்லை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்து, ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், "புதுப்பிச்சாச்சா சார்?" என்று நீங்களே போய்க் கேளுங்கள்.

ஒன்பதாவதில் வருவது நான் தவறவிட்ட அந்த ஊரகத் திறனாய்வுத் தேர்வு, டிரஸ்ட் என்று சொல்வார்கள். கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஒரு மாவட்டத்தில் 50 பையன்கள், 50 பெண்கள் தேர்வாவார்கள், பன்னிரண்டு வரை வருடம் 1,000 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் ஒரு கிராமத்துப் பிள்ளை மாவட்டத்தில் நூறு பேரில் ஒருவராக வருவது அந்தப் பிள்ளைக்குள் என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன், அதற்காகவே எழுத வையுங்கள்.

பதினொன்றாவதில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1,500 பேருக்கு இரண்டு வருடம் மாதம் 1,500 ரூபாய், அதில் பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. கேள்விகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து வரும், ஆகவே பத்தாவது தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள்.

பத்தாவது முடிந்ததும் வரும் ஆசை

இதுதான் நான் அதிகம் பேச விரும்பும் இடம்.

என் அக்கா மகள் செஞ்சிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் படித்தாள். பத்தாவதில் 460க்கு மேல் எடுத்தாள். மறுநாள் காலையிலேயே ஒரு தனியார் பள்ளியிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்துவிட்டார்கள். ஃபீஸ் வேண்டாம், பஸ் இலவசம், நீட் கோச்சிங் இலவசம் என்றார்கள். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வீடு தேடி வந்து கேக்குறாங்கடா" என்று எனக்குப் போன் பண்ணினாள். நான் அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: அக்கா, ரெண்டு வருஷ ஃபீஸ் மிச்சம், சரி, அதுக்கப்புறம் நாலு வருஷ காலேஜ் ஃபீஸை யார் கட்டுவது?

கணக்கு இப்படி. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அந்த இடத்தில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். பதினொன்றாவதில் தனியாருக்குப் போன பிள்ளைக்கு, அதற்கு முன் பத்து வருடம் அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் இது கிடைக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி இந்த 7.5இல் சேராது, அதையும் கவனியுங்கள்.

மாதம் 1,000 ரூபாய் கல்லூரிக் காலம் முழுக்கத் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இரண்டுக்கும் ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தோமா என்பதுதான் கேள்வி. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொன்று, வழி மாற்றுவது. ஒன்பதிலோ பதினொன்றிலோ பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றும் வீடுகள் அதிகம். முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. பட்டப் படிப்பைத் தகுதியாகக் கேட்கும் வேலை என்றால் பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அரசு வேலைதான் குறி என்றால் இடையில் மாற்றாதீர்கள். வேறு கனவு இருந்தால் மாற்றலாம், தப்பில்லை, ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

அக்கா மகள் அதே பள்ளியில் இருந்துவிட்டாள். இன்று பொறியியல் இரண்டாம் ஆண்டு. கட்டணம் என்று வீட்டிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை.

எல்லா அரசுப் பள்ளியும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மைதான். உங்கள் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை என்றால் பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியைப் பாருங்கள், பஸ் பாஸ் இலவசம், பதினொன்றில் சைக்கிளும் தருகிறார்கள். மாவட்டத்தில் மாதிரிப் பள்ளி இருக்கிறது, அது தங்கிப் படிக்கும் பள்ளி, அங்கே இடம் கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். அரசுப் பள்ளியை விட்டு வெளியே போவதற்கு முன் அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே தேடுங்கள் என்பதுதான் என் பேச்சு.

எந்த குரூப்?

மார்க் அதிகம் என்றால் பயோ-மேத்ஸ், குறைந்தால் காமர்ஸ், இன்னும் குறைந்தால் தொழிற்கல்வி. இந்த வரிசை யார் போட்டது என்று தெரியவில்லை, ஆனால் எத்தனையோ பிள்ளைகளை இது கெடுத்திருக்கிறது.

குரூப்பை முன்னாலிருந்து எடுக்காதீர்கள், பின்னாலிருந்து வாருங்கள். பிள்ளை போக நினைக்கும் படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது? டாக்டர், நர்சிங் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும், கணிதம் தேவையில்லை. பொறியியல் கட் ஆஃப் 200க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சி.ஏ., ஐந்தாண்டுச் சட்டம் இரண்டுக்கும் எந்த குரூப்பிலிருந்தும் போகலாம். இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கட்டும் என்று பயோ-மேத்ஸ் எடுப்பது, நான்கு கனமான பாடத்தையும் விரும்பிப் படிக்கிற பிள்ளைக்கு நல்லது. கணிதப் புத்தகத்தைத் திறந்தாலே முகம் சுண்டும் பிள்ளைக்கு அது இரண்டு வருட தண்டனை.

தொழிற்கல்விப் பிரிவை யாரும் ஏளனமாகப் பார்க்க வேண்டாம். பொறியியல் சேர்க்கையில் அவர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. பத்தாவதோடு பாலிடெக்னிக் போனால் மூன்று வருடத்தில் டிப்ளமோ, அப்புறம் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு. கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது சுற்று வழி இல்லை.

யாரிடம் கேட்பது?

நான் முதல்வன் 2022 மார்ச்சில் தொடங்கிய திட்டம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பள்ளியிலேயே வழிகாட்டுதல் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்று ஒருவர் இருப்பார், அவர் யார் என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எதையும் விடாதீர்கள். அன்று ஒரு நாள் கூலி போகும், எனக்குத் தெரியும், எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் போனது. போகவே முடியாத வீட்டில் சித்தப்பா, அக்கா யாராவது ஒருவர் போகட்டும். போனால் இந்த மூன்றைக் கேளுங்கள்: இந்த வருடம் என் பிள்ளை எழுத வேண்டிய தேர்வு எது, கடைசித் தேதி எப்போது, என்ன காகிதம் வேண்டும்? பதிலை அந்த நோட்டில் எழுதி வாருங்கள்.

எழுத்துகள் தலைகீழாகத் தெரிகிற, எவ்வளவு படித்தாலும் எழுத வராத பிள்ளையை அடித்துப் பயனில்லை, அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார். மருத்துவச் சான்றிதழ் பெற்றுத் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒரு ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். தேர்வுக்கு இரண்டு வாரம் முன் ஓடினால் நடக்காது, ஒன்பதாவதிலேயே ஆரம்பியுங்கள். உடல் குறைபாடு உள்ளவர்களுக்கும் இதே வழிதான்.

படிப்புக்கு வெளியே என்.எஸ்.எஸ்., சாரணர், கலைத் திருவிழா என்று இருக்கிறது. ஏதாவது ஒன்றில் பிள்ளை இருக்கட்டும், மேடையில் ஒரு தடவை நின்ற பிள்ளை கவுன்சிலிங் ஹாலில் வாய் திறந்து பேசும்.

2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. அதனால் பதினொன்றை ஓய்வு வருடமாக நினைத்துவிடாதீர்கள், நீட்டில் இரண்டு வருடப் பாடமும் வரும். வருகைப் பதிவு 75 விழுக்காடு குறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், பள்ளிக்கே போகமாட்டேன் என்றால், முதலில் காரணத்தைக் கேளுங்கள். பள்ளியில் மாணவர் மனசு பெட்டி இருக்கிறது, பெயர் போடாமலும் எழுதிப் போடலாம். கல்விச் சந்தேகம், தேர்வுப் பயம் எதற்கும் 14417. தொல்லை, குழந்தைத் திருமணப் பேச்சு போன்றவற்றுக்கு 1098. இரண்டு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.

ரிசல்ட் நாளில் ஒரு பாடம் போய்விட்டால், அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். துணைத் தேர்வு அதே வருடம் ஜூன், ஜூலையில் வந்துவிடும், தேறினால் அந்த வருடமே மேலே சேரலாம். விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவு, ஆகவே அழுகை அடங்கியதும் மறுநாள் காலையில் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லூரியில் சேராமல் நின்றுபோனவர்களுக்கு உயர்வுக்குப் படி என்று தனி முகாம்களே நடக்கின்றன, போன வருடம் நின்ற பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் அவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள்.