எத்தனை மீட்டரில் அளந்த டெசிபல்?

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் போட்ட ஒலிக் கணக்கைப் போன வாரம் சரிபார்த்தேன். நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறு, அதே இடத்தில். அலகை மாற்றிப் போடுவது, கால்குலேட்டரில் லாக் தப்பாகத் தட்டுவது எல்லாம் நாலு கணக்குப் போட்டால் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

தொலைவு இல்லாத எண்

ஜெனரேட்டர் விவரத்தாளில் 75 டெசிபல் என்று போட்டிருக்கும். சரி, எங்கே நின்று அளந்தது?

ஒரு வேலையில் ஜெனரேட்டரிலிருந்து 28 மீட்டர் தள்ளி படுக்கையறை ஜன்னல். அந்த 75-ஐ 1 மீட்டரில் அளந்ததாக நானே எடுத்துக்கொண்டு, தொலைவுக்கான குறைவாக 20 லாக் 28, அதாவது 29 டெசிபலைக் கழித்து, ஜன்னலில் 46 வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓட்டிப் பார்த்த அன்று நள்ளிரவு, சுற்றிலும் ஒரு சத்தமில்லை, ஒலிமானி 63 காட்டுகிறது. முதலில் மானியைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் தாளைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "7 மீட்டரில்" என்று இருக்கிறது. 7-லிருந்து 28 என்றால் தொலைவு இரண்டு முறை இரட்டிக்கிறது, முறைக்கு 6 வீதம் 12 டெசிபல்தான் குறையும். 75-இல் 12 போனால் 63. மானி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

17 டெசிபல் பிசகு என்றால் ஒலிச் செறிவில் கிட்டத்தட்ட 50 மடங்கு. சத்தத்தை அடக்க ஜெனரேட்டரைச் சுற்றிப் போட்ட கூண்டைக் கழற்றிவிட்டு கனமான கூண்டு செய்ய வேண்டியதாயிற்று. ஒரு வரியைப் படித்திருந்தால் அந்தச் செலவே இல்லை, இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

இதன் இன்னொரு வடிவம், தாளில் இருப்பது ஒலி அழுத்த மட்டமா ஒலித்திறன் மட்டமா என்று பார்க்காதது. அழுத்தம் என்பது ஓர் இடத்தில் நின்று மானியில் அளப்பது. திறன் என்பது இயந்திரம் மொத்தமாக வெளிவிடும் ஒலி, அது இயந்திரத்துக்கே உரியது, அதற்குத் தொலைவு கிடையாது. கெட்டியான தரையில் நிற்கும் இயந்திரம் என்றால் திறன் மட்டத்திலிருந்து 8-ஐயும் 20 லாக் தொலைவையும் கழியுங்கள். 100 என்று போட்டிருந்தால் 1 மீட்டரில் 92, 10 மீட்டரில் 72. தரை பக்கத்திலேயே இல்லாமல் எல்லாத் திசையிலும் ஒலி பரவினால் 8-க்குப் பதில் 11. எந்த மட்டம், எத்தனை மீட்டர் என்று இரண்டும் தெளிவாகாத தாளை நான் இப்போது தயாரிப்பாளருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

80-உம் 80-உம் 83

80 டெசிபல் தரும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து ஓடினால் 83தான், 160 இல்லை. டெசிபல் லாக் அளவு, நேராகக் கூட்ட முடியாது; ஒலிச் செறிவு இரு மடங்கானால் 3தான் ஏறும்.

எல்லா இடத்திலும் 6 கழிப்பது

தொலைவு இரட்டித்தால் 6 குறையும் என்பது திறந்தவெளியில், புள்ளி போன்ற மூலத்துக்கு மட்டும். விடாமல் வண்டி ஓடும் நெடுஞ்சாலை நீளக் கோடு மாதிரி, அங்கே தொலைவு இரட்டித்தால் 3 டெசிபல்தான் குறையும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்துகொள்வதால், கொஞ்ச தூரத்துக்குப் பிறகு எவ்வளவு தள்ளிப் போனாலும் மட்டம் பெரிதாக இறங்காது.

பின்னணி இரைச்சல்

இயந்திரத்தை நிறுத்திவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஓடும்போது 63, நின்றபின் 60 என்றால் இயந்திரத்தின் பங்கு 60தான்; பின்னணியின் 60-உம் அதன் 60-உம் சேர்ந்துதான் 63.